சைலேஜ் மூட்டையில் பூசணம்: கெட்டதை எடுத்துவிட்டு மீதியைப் போடலாமா?

கேள்வி: புதுச்சேரி பாகூர் பக்கத்தில் ஆறு கறவை மாடு, நாலு ஆடு வைத்துப் பிழைக்கிறோம். மழைக்காலத்தில் புல் அறுக்க முடியாது என்று ஐப்பசி தொடக்கத்திலேயே மக்காச்சோள சைலேஜ் (காற்றுப் புகாமல் கட்டிப் புளிக்கவைத்த பசுந்தீவனம்) 40 மூட்டை இறக்கினோம். ஒரு மூட்டை 60 கிலோ. மாட்டுக்கு நாளைக்கு ஐந்து கிலோ போடுகிறேன். கூடவே தலைக்கு ஒன்றரை கிலோ கடலைப் புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் குச்சித் தீவனம், வைக்கோல். போன வாரம் பிரித்ததில் நான்கு மூட்டையில் பூசணம். பஞ்சு மாதிரி வெள்ளையாக, சில இடத்தில் நீலப்பச்சைக் கட்டியாக, ஒன்றில் செங்கல் நிறத்தில் உருண்டை உருண்டையாக. கொட்டகையில் எலித் தொல்லை உண்டு. கெட்டதை எடுத்துப் போட்டுவிட்டு மீதியைப் போடு என்கிறார் மாமியார். வெயிலில் காய வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். டாக்சின் பைண்டர் என்ற நச்சைப் பிடித்துவைக்கும் பவுடர் கலந்தால் போதும் என்கிறார் கடைக்காரர். இரண்டு மாட்டுக்குப் பத்து நாளாகப் பால் குறைந்திருக்கிறது, ஒன்றுக்குச் சாணம் இளகிப் போகிறது. இன்னொன்றுக்கு மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. வீட்டில் இரண்டு வயதுப் பேத்திக்கு இந்தப் பால்தான். பயமாக இருக்கிறது. மீதி 22 மூட்டை பிரிக்காமல் இருக்கிறது. கெட்டுப்போனதை ஆட்டுக்காவது போடலாமா?

பதில்:

அம்மா, காரணமெல்லாம் அப்புறம் சொல்கிறேன். முதலில் பூசணம் பூத்த நான்கு மூட்டைகளையும் கொட்டகையை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். அதில் ஒரு பிடி கூட மாட்டுக்குப் போக வேண்டாம். இப்போது புழக்கத்தில் இருக்கும் கடலைப் புண்ணாக்கு மூட்டையையும் நிறுத்துங்கள். பேத்திக்கு ஒரு வாரம் வேறு பால் வாங்கிக் கொடுங்கள். சைலேஜைப் பற்றிக் கேட்டால் புண்ணாக்கை ஏன் இழுக்கிறார் என்று நினைப்பீர்கள். பேத்தியின் பாலைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய சந்தேகம் அந்தப் புண்ணாக்கின் மேல்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் மாமியார் சொன்னது வீட்டு ஊறுகாய் ஜாடிக் கணக்கு. மேலே ஆடை மாதிரி பூத்ததை வழித்துப் போட்டுவிட்டு அடியில் இருப்பதைப் பயன்படுத்துவது நம் வீடுகளில் காலம் காலமாக நடப்பதுதான். ஆனால் ஜாடியில் எண்ணெய் காற்றை மேலோடு நிறுத்திவிடும், உப்பும் பூசணத்தை அடக்கும். சைலேஜ் மூட்டைக்குள் அப்படி எதுவும் இல்லை. துண்டு துண்டாக நறுக்கிய தட்டைக்கு நடுவே சந்து சந்தாக இடைவெளி இருக்கும். ஒரு ஓட்டை விழுந்தால் காற்று அந்தச் சந்துகள் வழியே மூட்டையின் நடுப்பகுதிவரை போய்விடும்.

நடப்பது இதுதான். மக்காச்சோளத்தைக் கதிரோடு நறுக்கி, காற்றில்லாமல் இறுக்கிக் கட்டினால், பயிரிலேயே இருக்கும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் அதிலுள்ள சர்க்கரையைப் புளிப்பாக மாற்றுகின்றன. சில வாரங்களில் அமிலத்தன்மை ஏறி, பி.எச். அளவு 4-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்தப் புளிப்பும் காற்றில்லாத நிலையும் சேர்ந்து இருக்கும்வரை சைலேஜ் மாதக்கணக்கில் கெடாது. எலி ஒரு ஓட்டை போட்டதும் கதை மாறுகிறது. முதலில் தலைதூக்குவது ஈஸ்ட். அது புளிப்பைத் தின்கிறது, தின்னும்போது சூட்டைக் கிளப்புகிறது. புளிப்பு இறங்கிச் சூடு ஏறிய இடத்தில் பூஞ்சை குடியேறுகிறது. நீங்கள் கண்ணால் பூசணத்தைப் பார்க்கும் நாளைக்கு முன்பே இத்தனையும் நடந்து முடிந்திருக்கும். பூசணம் தெரியாத பகுதியும் பாதி கெட்டதுதான். அதில் சத்தும் போயிருக்கும், மாடும் விரும்பித் தின்னாது. பெரிய குழியில் டிராக்டர் ஏற்றி மிதித்துக் கட்டிய சைலேஜ் என்றால், கெட்ட இடத்தையும் அதைச் சுற்றி தாராளமாக ஒரு பகுதியையும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பார்த்துப் போடலாம். 60 கிலோ மூட்டையில் அந்த வித்தை வேண்டாம், முழு மூட்டையும் போகட்டும். விலை கொடுத்து வாங்கியது, மனசு கேட்காது, தெரியும். ஆனால் ஒரு மாடு படுத்தால் ஆகும் செலவு நாலு மூட்டை விலையைத் தாண்டிவிடும்.

நீங்கள் சொன்ன நிறங்களை வைத்துக் கொஞ்சம் சொல்ல முடியும். நீலப்பச்சைக் கட்டி பெரும்பாலும் பெனிசிலியம் ராக்ஃபோர்ட்டி என்ற பூஞ்சையாக இருக்கும். இது புளிப்பையும் தாங்கும், மிகக் குறைந்த காற்றிலும் பிழைக்கும். அதனால்தான் உலகம் முழுக்கச் சைலேஜில் இதைப் பார்க்கிறார்கள். ராக்ஃபோர்ட்டின், மைக்கோஃபீனாலிக் அமிலம் போன்ற நச்சுகளை உண்டாக்கக்கூடியது. செங்கல் நிற உருண்டை மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையாக இருக்கலாம். வெள்ளைப் பஞ்சு பல வகையிலும் வரும். சாம்பல் கலந்த பச்சையாகத் தூள் பறந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்று சந்தேகப்பட வேண்டும். சினை மாட்டில் கருச்சிதைவு உண்டாக்கக்கூடியது அது. மனிதர்களின் நுரையீரலுக்கும் ஆகாது.

ஆனால் நிறத்தை வைத்து நச்சை அளக்க முடியாது, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூசணம் நிறையத் தெரிந்தும் நச்சு குறைவாக இருக்கலாம். கண்ணுக்கு ஒரு புள்ளிகூடத் தெரியாமல் நச்சு இருக்கவும் இருக்கலாம். ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வயலில் நிற்கும்போதே மக்காச்சோளக் கதிரில் ஏறிவிடும். கதிர் முற்றும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் இது இன்னும் அதிகம். சைலேஜ் புளிக்கும்போது அந்தப் பூஞ்சை செத்துவிடும், அது ஏற்கெனவே கதிரில் விட்டுவைத்த நச்சு பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வெயில் வைத்தியத்துக்கும் இதே பதில்தான். வெயில் பூஞ்சையை வளரவிடாமல் தடுக்கும். நச்சு என்பது உயிரில்லாத ரசாயனம், அதை வெயில் முழுதாக அழித்துவிடாது. கழுவினாலும், வேகவைத்துக் கஞ்சியோடு கலந்தாலும் போகாது. இன்னொன்று, பூத்த சைலேஜைக் காயப்போட்டுக் கிளறினால் அந்தத் தூள் அத்தனையும் உங்கள் மூக்குக்குள் போகும். கொட்டகை வேலை செய்கிறவர்களுக்கு வருகிற விடாத இருமலுக்கும் மூச்சு வாங்கலுக்கும் பூஞ்சைத் தூள் ஒரு முக்கியக் காரணம். அந்த நான்கு மூட்டைகளை எடுக்கும்போது தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு, நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு எடுங்கள். கெட்டுவிட்டதா என்று பார்க்க மூக்கை மூட்டைக்குள் விடவே கூடாது. பேத்தியை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சரி, இப்போது புண்ணாக்குக்கு வருகிறேன்.

பூஞ்சை நச்சுகளிலேயே பாலுக்கு வந்து சேருவதில் நாம் அதிகம் பயப்பட வேண்டியது அஃப்ளாடாக்சின். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற மஞ்சள் பச்சைப் பூஞ்சைதான் இதை முக்கியமாக உண்டாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்ததில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த நச்சுதான் காரணம் என்று தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்ற ஒன்று இருப்பதே அப்போதுதான் உலகத்துக்குத் தெரியவந்தது. இந்தப் பூஞ்சைக்கு ரொம்பப் பிடித்தது வேர்க்கடலையும் மக்காச்சோளமும் பருத்திக்கொட்டையும். நன்றாகப் புளித்து இறுக்கமாக இருக்கும் சைலேஜில் இதற்கு வளர வசதி கிடையாது. காற்று புகுந்து சூடான மூட்டையில் வளரலாம். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் சிமெண்ட் தரையில் சுவரோடு சாய்த்து வைத்த புண்ணாக்குச் சாக்கு இருக்கிறதே, அதைவிட வசதியான இடம் அதற்குக் கிடைக்காது.

நம் பக்கம் கடலை ஊர். விருத்தாசலத்தில் ஆராய்ச்சி நிலையம் வைத்துக் கடலை ரகமே வெளியிடுகிற அளவுக்கு இங்கே கடலை விளைகிறது. கடலை முற்றும் கடைசி நாட்களில் மழையில்லாமல் வறண்டால் மண்ணுக்குள் இருக்கும்போதே இந்தப் பூஞ்சை காய்க்குள் ஏறும். பறித்த பிறகு மழையில் நனைந்து சரியாகக் காயாமல் போனால் இன்னும் ஏறும். நல்ல பருப்பு சாப்பாட்டுக்கும் விதைக்கும் போகிறது. சுருங்கியது, உடைந்தது, கறுத்தது செக்குக்குப் போகிறது. எண்ணெய் பிழிந்தபின் நச்சின் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அந்தப் புண்ணாக்கைத்தான் நாம் கறவை மாட்டுக்கு நல்ல சத்து என்று ஆசையாக ஊறவைத்துக் கொடுக்கிறோம்.

மாடு அஃப்ளாடாக்சின் பி1-ஐத் தின்றால், ஈரல் அதை எம்1 என்ற வடிவத்துக்கு மாற்றுகிறது. அது பாலில் வெளியேறுகிறது. தின்றதில் சாதாரணமாக நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு பாலுக்கு வரும், அதிகம் கறக்கும் மாட்டில் ஆறு பங்கு வரைகூட வரலாம். உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். தலைக்கு ஒன்றரை கிலோ புண்ணாக்கு. அதில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் நச்சு இருக்கிறது என்று வையுங்கள், மழைக்காலப் புண்ணாக்கில் அது நடக்கக்கூடியதுதான். மாட்டுக்குள் போவது 300 மைக்ரோகிராம். நூற்றுக்கு இரண்டு பங்கு என்றால் பாலுக்கு வருவது 6 மைக்ரோகிராம். மாடு 10 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.6. பாலில் இது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. வேறு எதுவுமே இல்லாமல், புண்ணாக்கு மட்டுமே அந்த வரம்பைத் தாண்ட வைத்துவிடுகிறது. மாட்டுத் தீவனத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் பி1 இருக்கக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்வது இதனால்தான்.

அதே ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. தண்ணீர் கலப்பு, சோடா கலப்பு என்று நாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நூற்றுக்கு 5.7 மாதிரிகளில் இந்த எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அப்படி. எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம். யாரும் பாலில் கையால் கலந்ததில்லை இது. மாட்டின் வாய் வழியே போய் மடி வழியே வந்தது. எனக்கு இந்தக் கணக்கு மிகவும் உறுத்துகிறது. நம் கறவைக்காரர்கள் பாலைச் சுத்தமாகக் கறக்கிறார்கள், பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறார்கள், தீவனச் சாக்கைச் சுவரோடு சாய்த்து வைத்துவிடுகிறார்கள்.

பாலை எவ்வளவு காய்ச்சினாலும் எம்1 போகாது. தயிர் தோய்த்தாலும் போகாது. பால் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் பனீரில் இன்னும் செறிவாக இருக்கும். இதைக் கேட்டுக் கலங்கிவிடாதீர்கள். இத்தனை நாள் பேத்தி குடித்த பாலால் உடனே ஏதோ ஆகிவிடும் என்று அர்த்தமில்லை. வரம்பை ஒட்டியோ கொஞ்சம் தாண்டியோ இருக்கும் பாலை நாலு நாள் குடித்ததால் குழந்தை நோயில் விழாது. வருஷக்கணக்கில் தொடர்ந்து உடம்புக்குள் போய் ஈரலைக் கெடுப்பதுதான் இதன் ஆபத்து. குழந்தையின் எடைக்கு அது குடிக்கும் பால் அதிகம் என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நாலு நாளில் பால் சுத்தமாகிவிடும். நான் ஒரு வாரம் என்று சொன்னது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்றுதான். சொசைட்டிக்கு ஊற்றும் பாலும் யாரோ ஒரு குழந்தைக்குத்தான் போகிறது. அதனால் புண்ணாக்கை நாளைக்கு நிறுத்தலாம் என்று தள்ளாமல் இன்றைக்கே நிறுத்துங்கள்.

அந்தப் புண்ணாக்குச் சாக்கின் அடிமூலையைப் பிரித்துப் பாருங்கள். தரையைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் கட்டி கட்டியாகச் சேர்ந்திருக்கிறதா? கட்டியை உடைத்தால் உள்ளே மஞ்சள் பச்சைத் தூளோ சிலந்திவலை மாதிரி நூலோ தெரிகிறதா? நல்ல கடலைப் புண்ணாக்குக்கு வறுத்த கடலை வாசம் இருக்கும், கெட்டதில் மக்கிய வாசம் வரும். தெரிந்தால் சாக்கோடு ஒதுக்குங்கள். தெரியாவிட்டாலும் மழை முடியும்வரை எள்ளுப் புண்ணாக்கோ தேங்காய்ப் புண்ணாக்கோ புதிதாகச் சின்ன அளவில் வாங்கிப் பாதி பாதியாகக் கொடுங்கள். அவற்றிலும் பூசணம் வரும்தான், அதனால் பத்துப் பதினைந்து நாளுக்கு மேல் வேண்டியதை வாங்கி அடுக்காதீர்கள். பனஞ்சட்டமோ மரப்பலகையோ போட்டுத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். தவிட்டுக்கும் இதே கவனம் வேண்டும். வைக்கோலை விட்டுவிடாதீர்கள். 2024 ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை வெள்ளம் உங்கள் பக்கம் புகுந்தது உங்களுக்கே தெரியும். அப்படி நனைந்து உள்ளே கறுத்த போரை உதறிக் காயவைத்துப் போடுவதும் ஆபத்துதான்.

கடைக்காரர் சொன்ன டாக்சின் பைண்டரைப் பற்றி. அது முழுப் பொய்யில்லை. பென்டோனைட் போன்ற களிமண் வகை பைண்டர்கள் அஃப்ளாடாக்சினை வயிற்றிலேயே பிடித்துவைத்துச் சாணத்தோடு வெளியேற்றும், பாலில் எம்1 குறையும். ஈஸ்ட் செல் சுவர் கலந்தவை வேறு சிலவற்றையும் ஓரளவு பிடிக்கும். ஆனால் ஃபியூசேரியம் நச்சுகளில் சிலவற்றையும், நீலப்பச்சைப் பூஞ்சையின் நச்சுகளையும் களிமண் பெரிதாகப் பிடிப்பதில்லை. மழை மாதங்களில் நல்ல தீவனத்தோடு ஒரு காப்பாக, பொட்டலத்தில் போட்ட அளவுக்குச் சேர்க்கலாம். கண்ணெதிரே பூத்திருக்கும் சைலேஜை மாட்டுக்குப் போடுவதற்கு அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைக்காரரிடம் கேட்பதானால், அது களிமண் வகையா, எந்த நச்சுக்கு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

மாடுகளுக்கு வருவோம். பால் குறைந்ததற்கும் சாணம் இளகியதற்கும் பூத்த சைலேஜ் காரணமாக இருக்கலாம். கெட்ட தீவனத்தில் மாடு தீனியைக் குறைக்கும், அசைபோடுவது மந்தமாகும், மயிர் பளபளப்பு போகும், கழிச்சல் வரும். ஆனால் பூசணத்தைப் பார்த்துவிட்டதாலேயே எல்லாப் பழியையும் அதன் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. மழைக்காலத்தில் மடிநோய், உண்ணிக் காய்ச்சல், குடல்புழு எல்லாமே பாலைக் குறைக்கும். காம்பில் முதல் பீச்சலை ஒரு கறுப்புத் துணியில் விட்டுத் திரி திரியாக வருகிறதா என்று பாருங்கள். காய்ச்சல் இருக்கிறதா, கண்ணின் உள்ளிமை வெளுத்தோ மஞ்சளாகவோ இருக்கிறதா என்று உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சாணத்தில் ரத்தம், மஞ்சள் காமாலை, சினை மாடு கன்று வீசுதல், மாடு எழுந்திருக்க முடியாமல் படுத்தல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே. இப்போதைக்கு நல்ல வைக்கோலும், கிடைக்கிற அளவு கோ-4 புல்லும், அகத்தி இருந்தால் அதுவும், தாது உப்புக் கலவையும் கொடுங்கள். பூசணத் தீவனத்துக்கு என்று முறிவு மருந்து எதுவும் கிடையாது. தீவனத்தை நிறுத்துவதுதான் மருந்து. நிறுத்திப் பத்து நாளில் பால் ஏறாவிட்டால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

சினை நிற்காத மாட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஃபியூசேரியம் உண்டாக்கும் ஜியராலினோன் என்ற நச்சு பெண் ஹார்மோன் மாதிரியே வேலை செய்யும். மாட்டின் முதல் இரைப்பையில் அது இன்னும் வீரியமான ஒன்றாகக்கூட மாறும். அப்படி இருந்தால் பருவம் தாறுமாறாக வரும், பருவத்துக்கு வராத கிடேரியின் அறை (பிறப்புறுப்பு) வீங்கும், மடி முன்கூட்டியே திரளும். உங்கள் வீட்டில் கன்று கிடேரிகள் இருந்தால் இதைப் பாருங்கள். மற்ற மாடுகளில் இந்த அறிகுறி எதுவுமில்லாமல் ஒரு மாட்டுக்கு மட்டும் நிற்கவில்லை என்றால், ஊசி போட்ட நேரம் தப்பியதோ, கருப்பையில் சீழோ, தாது உப்புக் குறையோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதைத் தனியாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

பிரிக்காத 22 மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் புரட்டிப் பாருங்கள். எலி கடித்தது, காக்கை கொத்தியது, ஆணி கிழித்தது எதுவாக இருந்தாலும், ஓட்டை இருந்தால் மூட்டை சந்தேகத்துக்குரியது. புதிதாக விழுந்த சின்ன ஓட்டை என்றால் நல்ல அகல டேப் ஒட்டி, அந்த மூட்டையை முதல் ஆளாகப் பிரித்துப் பாருங்கள். கையால் அமுக்கினால் கல் மாதிரி இறுகி இருப்பது நல்லது. மெத்தென்று உள்ளே போனால் காற்று புகுந்திருக்கிறது. பிரித்ததும் கையை முழங்கைவரை உள்ளே விடுங்கள். நல்ல சைலேஜ் குளுமையாக இருக்கும், மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், கையை எடுத்தால் புளித்த பழ வாசம் ஒட்டியிருக்கும். உள்ளே கதகதவென்று சுட்டால் பூசணம் தெரியாவிட்டாலும் போடாதீர்கள். ஊசிப்போன வெண்ணெய் நாற்றமோ வழுவழுப்போ இருந்தாலும் வேண்டாம்.

நீங்கள் மாட்டுக்கு ஐந்து கிலோ போடுகிறீர்கள். ஆறு மாட்டுக்கு 30 கிலோ. அப்படியானால் ஒவ்வொரு மூட்டையும் இரண்டு நாள் திறந்து கிடக்கிறது. நம் ஊர்ச் சூட்டுக்கு அதுவே விளிம்பு. பக்கத்தில் மாடு வைத்திருக்கும் யாரோடாவது ஒரு மூட்டையைப் பங்கு போட்டு ஒரே நாளில் முடிக்க முடிந்தால் அதைவிட நல்லது கிடையாது. முடியாவிட்டால், எடுத்தவுடன் காற்றை அமுக்கி வெளியேற்றி வாயை முறுக்கிக் கட்டி, மேலே கனமாக எதையாவது வையுங்கள். மூன்றாம் நாளுக்கு மிச்சம் வைக்கவே கூடாது. அடுக்கும் இடத்தில் எலிக்குப் பொறி வையுங்கள். மருந்து வைக்காதீர்கள், அது மாட்டுத் தொட்டியில் விழுந்தால் இன்னொரு கதை.

வாங்கிய இடத்தில் கேட்பதற்கு, கெட்ட மூட்டைகளைப் பிரித்த நிலையிலேயே படம் எடுத்துவையுங்கள். ஓட்டையே இல்லாத மூட்டையில் பூசணம் இருந்தால் அது கட்டும்போதே நடந்த தவறு. ரொம்பக் காய்ந்த தட்டையை நறுக்கினாலோ, சரியாக இறுக்காவிட்டாலோ அப்படி ஆகும். அதற்கு மாற்று மூட்டை கேட்பது உங்கள் உரிமை.

நச்சு இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பரிசோதனைதான் வழி. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கும் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் அஃப்ளாடாக்சின் பார்க்கிறார்கள். உங்களுக்குப் பக்கமாகப் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காமராஜர் வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேதான். மாதிரி எடுப்பது, அனுப்புவது பற்றி முதலில் அங்கே போய்க் கேளுங்கள். முதலில் புண்ணாக்கை அனுப்புங்கள், காசு இருந்தால் சைலேஜ். நச்சு ஒரே சீராகப் பரவியிருக்காது, திட்டுத் திட்டாக இருக்கும். ஒரே ஒரு பிடியை எடுத்து அனுப்பினால் முடிவு ஏமாற்றிவிடும். சாக்கின் மேல், நடு, அடி, ஓரம் என்று பத்துப் பதினைந்து இடத்தில் ஒவ்வொரு பிடி எடுத்து, ஒன்றாகப் பொடித்துக் கலந்து, அதிலிருந்து அரை கிலோவைக் காகிதப் பையில் கட்டி, வாங்கிய தேதியை மேலே எழுதி அனுப்புங்கள்.

கெட்ட நான்கு மூட்டைகளையும் மாடும் கோழியும் எட்டாத இடத்தில் குழி வெட்டி, சாணத்தோடு கலந்து, மண் போட்டு மூடுங்கள். உரமாகிவிடும்.

கடைசியாக ஆடு. ஆட்டுக்கும் போடக் கூடாது, மாட்டைவிட அங்கே ஆபத்து அதிகம் என்றே சொல்வேன். புளிப்பு இறங்கிய சைலேஜில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா பெருகும். அது ஆட்டின் மூளையைத் தாக்கினால், ஆடு ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டம் போடும், ஒரு காது தொங்கும், வாயில் எச்சில் ஒழுகும். தின்ற அன்றைக்கே வராது, மூன்று நாலு வாரம் கழித்துக்கூட வரும். அதனால் இதற்கு முன் மிச்சத்தை ஆட்டுக்குக் கொட்டியிருந்தால், அடுத்த ஒரு மாதம் நாலு ஆட்டையும் காலையில் அவிழ்த்து விடும்போது நேராக நடக்கிறதா என்று பாருங்கள். வட்டம் போட ஆரம்பித்த முதல் நாளே ஊசி மருந்து தொடங்கினால் பிழைக்க வழி உண்டு, படுத்துவிட்டால் கஷ்டம். அந்த ஆட்டுக்கு எச்சில் துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் கர்ப்பிணிப் பெண்கள் இருந்தால் அவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.